கரைக்குள் ஒதுங்கிய கைத்தறி

1953ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் வேட்டிக்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஆலைகள் இவ்வளவு வேட்டிதான் நெய்யலாம் என்று அளவு கட்டி, அதைத் தாண்டினால் கூடுதல் தீர்வை விதித்த சட்டம் அது. 1951-52இல் ஆலைகள் மாதச் சராசரியாக நெய்த வேட்டியில் 60 சதவீதத்துக்கு மேல் இனி நெய்யக் கூடாது என்று 1952 கடைசியிலேயே மத்திய அரசு ஆணை பிறப்பித்திருந்தது. சென்னை மாநிலத்தில் அப்போது கைத்தறித் துணி விலைபோகாமல் குவிந்து கிடந்தது. நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டி திறக்க வேண்டியிருந்தது. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே விட்டுவிட வேண்டும் என்று முதலமைச்சர் ராஜாஜி டெல்லியிடம் வாதாடினார். அவருக்கு எதிர்முகாமில் இருந்த அண்ணாவும் தி.மு.க.வினரும் 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக விற்றார்கள். மற்ற எதிலும் முட்டிக்கொண்ட இரு தரப்பும் வேட்டி விஷயத்தில் ஒரே பக்கம் நின்றன. கைத்தறிக்கு உதவ ஆலைத் துணிக்குக் கஜத்துக்கு மூன்று தம்பிடி வரி போட்டதும் அதே 1953இல்தான்.

எழுபது ஆண்டு கழித்து இன்று ஒரு முகூர்த்த நாளில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வேட்டிக்குக் குறைவில்லை. மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், தாய்மாமன், வரவேற்பில் நிற்கும் பெரியவர்கள், பேன்ட்டைத் தவிர வேறெதையும் அறியாத கல்லூரிப் பையன்கள்கூட அன்று வேட்டியில்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் கைத்தறி வேட்டி எத்தனை என்று தேடினால் தாத்தாக்களிடமும் புரோகிதரிடமும்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். உடை பிழைத்துக்கொண்டது, தறி பிழைக்கவில்லை. கைத்தறியைக் காக்கப் போடப்பட்ட திட்டங்கள் பலவும் வேட்டி கட்டும் வழக்கம் இருந்தால் நெசவாளி பிழைப்பார் என்ற கணக்கில் போடப்பட்டவை. அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் சடங்கு எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். நம்மவர்களின் சடங்கில் துணிக்கு இரண்டே இரண்டு நிபந்தனை. புதிதாக இருக்க வேண்டும், தையல் படாததாக இருக்க வேண்டும். அதனால்தான் கோடி வேட்டி. கட்டுவதற்கு முன் ஒரு முனையில் மஞ்சள் தடவுவது வெள்ளைத் துணியை அப்படியே கட்டக் கூடாது என்பதற்காக. கல்யாணத்தில் தாய்மாமன் சீர்த்தட்டில் வருவதும் கோடிதான், சாவு வீட்டில் சம்பந்தி எடுத்து வந்து போடுவதும் கோடிதான். எந்தத் தறியில் நெய்தது, எத்தனையாம் நம்பர் நூல் என்று எந்தப் புரோகிதரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை ஒரு காலத்தில் இல்லை. எல்லாமே கையால் நெய்தவைதான். பின்னால் ஆலையும் விசைத்தறியும் வந்தபோதும் சடங்கு தன் கேள்விகளை மாற்றிக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த 200 ரூபாய் வேட்டி உறையைப் பிரித்த கணத்தில் கோடிதான். சடங்கின் கண்ணில் அதற்கும் நூறாம் நம்பர் நூல் வேட்டிக்கும் வேற்றுமை கிடையாது.

சடங்கு எங்கே அளவு கேட்கிறதோ அங்கே கதை சற்று மாறுகிறது. நாலு முழம் வீட்டுக்கும் கோயிலுக்கும், எட்டு முழம் இரட்டையாக மடித்து விசேஷங்களுக்கு. பஞ்சகச்சம் கட்டுகிறவர்களுக்கு எட்டு முழம் போதாது. அவர்கள் ஜவுளிக்கடையில் ‘ஒன்பது ஐந்து’ என்றோ ‘பத்து ஆறு’ என்றோ கேட்பார்கள். ஒன்பது முழ வேட்டி, ஐந்து முழ அங்கவஸ்திரம், இரண்டும் ஒரே கரையோடு ஒரு ஜோடி. மயில்கண் கரை போட்ட ஜோடிக்கு இன்றும் தனி மவுசு. வாங்குகிறவர்கள் குறைவு, ஆனால் குறைவானவர்கள் என்றாலும் அளவில் விட்டுக்கொடுக்காதவர்கள். இன்றைக்கும் நல்ல கைத்தறிப் பருத்தி வேட்டி ஓரளவு ஒழுங்காக நெய்யப்படுவது இந்த ஜோடிகளில்தான் என்பது தற்செயலாக நடந்ததில்லை. பெருவாரியாக ஓடாத அளவு என்பதால் விசைத்தறிக்காரர் அதில் முதல் போடத் தயங்குகிறார். யாழ்ப்பாணத்தில் விசேஷ உடையைச் சொல்லும்போதே ‘வேட்டி சால்வை’ என்று சேர்த்துத்தான் சொல்வார்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் அங்கே சால்வைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

மேல்துண்டுக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு, வேட்டியைப் பண்பாட்டுப் பெருமையாக மட்டும் பாடுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். யார் முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கிக் கட்டலாம், யார் தோளில் துண்டு போடலாம் என்பதைச் சாதி முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் இடுப்பில் சுற்றிக்கொண்டும் நின்றவர்களின் பேரன்கள் இன்றும் ஊர்களில் இருக்கிறார்கள். நாதஸ்வரம் வாசிப்பவர் தோளில் துண்டோடு வாசிக்கலாமா கூடாதா என்பது 1930 வாக்கில் சுயமரியாதை இயக்கத்துக்கு ஒரு போராட்டமாகவே இருந்தது. ஆகவே எல்லோரும் கரை போட்ட வேட்டியும் துண்டுமாக மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. மலிவான விசைத்தறி வேட்டி அதற்குத் துணை போனது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சரிகை வேட்டி சிலருக்கே கட்டுப்படியான நாட்களை நினைத்து ஏங்குவதில் எனக்கு விருப்பமில்லை.

இனி தறிக்குப் போவோம். எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அகலம் 50 அங்குலம், அங்குலத்துக்கு 80 இழை என்று வைத்தால் பாவில் (நீளவாக்கு நூலில்) மட்டும் 4,000 இழை. நீளம் 12 அடி. அந்த 4,000 இழையையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் பதினாலரைக் கிலோமீட்டர் வரும். ஊடையில் (குறுக்கு நூலில்) அங்குலத்துக்கு 72 இழை என்றால் அதைச் சுமக்கும் நாடா பத்தாயிரம் தடவைக்கு மேல் குறுக்கே ஓட வேண்டும். அது இன்னொரு பதின்மூன்று கிலோமீட்டர். ஆக ஒரு வேட்டிக்குள் இருபத்தெட்டுக் கிலோமீட்டர் நூல். நூறாம் நம்பர் நூலானால் அத்தனையும் சேர்ந்து எடை சுமார் 165 கிராம். நூல் நம்பரின் கணக்கு இது: ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை அடங்குகிறதோ அதுவே நம்பர். நூறாம் நம்பரில் ஒரு பவுண்டுக்கு 84,000 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், அறுபடும்.

அறுபடாமல் இருக்கத்தான் கஞ்சி. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், நெசவாளர் தெருவில் பாவை நீளமாக விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, இரு பக்கமும் ஆட்கள் நின்று பெரிய தூரிகையால் ஒரே சீராக நீவி விடுவார்கள். இழை இழையோடு ஒட்டக் கூடாது, அதே சமயம் விறைக்கவும் கூடாது. வெயில் கூடினால் நூல் முறுகும், மேகம் கூடினால் காயாது. பிறகு பழைய பாவின் மிச்ச நுனியோடு புதுப் பாவை இழைக்கு இழை பிணைக்க வேண்டும். 4,000 பிணைப்பு, விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குவது. அதன் பின்தான் நெசவாளி குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்கிறார். மிதித்தால் விழுது ஏறி இறங்கும், இழைகள் பிரியும், கையிழுப்பில் நாடா பாயும், பலகை அடிக்கும். இப்படி நாளொன்றுக்கு ஒரு வேட்டி, மெல்லிய நூலானால் அதுவும் முழுதாக முடியாது. சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு நூறு ஊடைக்கு மேல் அடிக்கிறது, ஓர் ஆள் பல தறிகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்கிறார்.

மழைக்காலம் இந்தத் தொழிலின் பரம எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியின் குழியில் ஊற்று எடுக்கும், தெருவில் பாவு விரிக்க முடியாது, நூல் ஈரம் குடித்துக் கனக்கும். தை முகூர்த்தங்களுக்கும் பொங்கலுக்கும் வேண்டிய வேட்டியை நெய்ய வேண்டியதும் அதே மாதங்களில்தான். விசைத்தறிக் கொட்டகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே கஞ்சியும் இயந்திரத்தில், பாவும் உருளையில்.

கைத்தறியின் திறமை வெள்ளைப் பரப்பில் தெரியாது, கரையில்தான் தெரியும். சாதாரண வேட்டியில் கரைக்குப் பாவில் மட்டும் நிற நூல் வைப்பார்கள். வெள்ளை ஊடை கரையையும் ஊடுருவிப் போவதால் நிறம் சற்றே வெளிறும். கோர்வைக் கரை அப்படியல்ல. நடுவே வெள்ளைக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. கரையின் ஊடை கரையோடு திரும்பிவிடும், வெள்ளையின் ஊடை வெள்ளையோடு திரும்பும், சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அரக்கு அரக்காகவே நிற்கும், வெள்ளை அதில் கலக்காது. சாதாரண விசைத்தறியால் இதைச் செய்ய முடியாது. கைத்தறியிலும் ஒருவரால் தனியாகச் செய்வது கடினம், எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் இருந்து நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன் உட்கார்ந்திருப்பான். அது ஒழிந்தது நல்லது. இப்போது அங்கே பெரும்பாலும் நெசவாளியின் மனைவி.

கடையில் கைத்தறி வேட்டியை எப்படிக் கண்டுகொள்வது என்று பலர் கேட்பார்கள். நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமல் இருக்க இரு ஓரத்திலும் ஊசி வைத்த குச்சியைக் குத்தி விறைப்பாக நிறுத்துவார்கள். துணி வளர வளர அதை எடுத்து எடுத்துக் குத்துவதால் ஓரத்தில் துளைகள் இடைவெளி விட்டு, கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். விசைத்தறியில் முள்ளுருளை சுற்றுவதால் அந்தத் தடம் அச்சடித்தது போல ஒரே வரிசையில் போகும். கைத்தறி முத்திரை என்ற ஒன்றும் 2006 முதல் இருக்கிறது. ஆனால் முத்திரையைப் பார்த்து வாங்குகிறவரைவிட விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறவரே அதிகம்.

கதரையும் கைத்தறியையும் ஒன்றாக்கிப் பேசுவது ஒரு பெரிய குழப்பம். கதருக்கு நூலும் கையால் நூற்றதாக இருக்க வேண்டும். கைத்தறிக்கு நூல் ஆலையிலிருந்து வரலாம், வருகிறது. காந்தி 1921 செப்டம்பர் 22இல் மதுரை மேலமாசி வீதியில் சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறியபோது அவர் கையில் எடுத்தது கதர். மதுரை அவரை மாற்றியது என்று நாம் பெருமை பேசுகிறோம், பேசலாம். ஆனால் அதே மதுரையில் சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்துகொண்டிருந்த மெல்லிய சரிகை வேட்டிக்கு ஆலை நூல் இல்லாமல் நடக்காது. தேசிய இயக்கத்தின் மனம் இராட்டையில் இருந்தது, நெசவாளியின் பிழைப்போ சிட்டத்தில் இருந்தது. இந்த விலகல் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

சிட்டம் என்று சொன்னதும் நூல் கொள்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், கைத்தறி விவாதங்களில் யாரும் கண்டுகொள்ளாத மூலை இது. கைத்தறிக்காரர்கள் வாங்குவது சிட்ட நூல், விசைத்தறிக்கு வேண்டியது கோன் நூல். ஆலைகள் உள்நாட்டு விற்பனைக்கு அனுப்பும் நூலில் குறிப்பிட்ட பங்கைச் சிட்டமாகவே கட்டி அனுப்ப வேண்டும் என்று விதி. அந்தப் பங்கு 50 சதவீதமாக இருந்தது, 2003இல் 40 ஆனது, 2019இல் 30 ஆனது. கைத்தறி குறைந்துவிட்டது, ஆகவே சிட்டமும் குறையட்டும் என்பது ஆலைகளின் வாதம். சிட்டம் நேரத்துக்கு வராததால்தான் கைத்தறி குறைகிறது என்பது நெசவாளியின் வாதம். கட்டாயப் பங்கில் பெரும்பகுதி 80ஆம் நம்பருக்கு உட்பட்ட நூலாக இருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. முரட்டு ரகம் நெய்கிறவருக்கு அது காப்பு. நூறாம் நம்பரில் வேட்டி நெய்கிறவர் சந்தையை நம்பித்தான் இருக்க வேண்டும்.

1953இன் வேட்டிச் சட்டம் குறி வைத்தது ஆலையை. அடி விழுந்ததோ வேறு பக்கத்திலிருந்து. 1960களுக்குப் பிறகு ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், சேலம் வட்டாரங்களில் விசைத்தறி பெருகியது. அதைப் போட்டவர்களில் பலர் நேற்றுவரை கைத்தறியில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். ஆலை முதலாளிக்கு எதிராகக் கட்டிய வேலியைத் தாண்டி பக்கத்து வீட்டுக்காரரே உள்ளே வந்தார். இவர்களைத் துரோகிகள் என்று யாரும் சொல்ல முடியாது. குழியில் உட்கார்ந்து முதுகு வளைந்த தகப்பனைப் பார்த்து வளர்ந்த மகன் பழைய தறியை விறகுக்குப் போட்டுவிட்டு இரண்டாம் கை விசைத்தறி வாங்கினால், அந்த முடிவில் நியாயம் இருக்கிறது.

1985இல் கைத்தறி ரகங்களை ஒதுக்கீடு செய்யும் சட்டம் வந்தது. 22 ரகங்கள் கைத்தறிக்கே என்று அறிவிக்கப்பட்டன. விசைத்தறி உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், சட்டம் செல்லும் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1996இல் அரசு அமைத்த மீரா சேத் குழுவின் பரிந்துரைக்குப் பின் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. அந்த 11இல் வேட்டியும் உண்டு, துண்டு-அங்கவஸ்திரமும் உண்டு. ஆனால் ‘வேட்டி’ என்று மொத்தமாக இல்லை. கரையின் தன்மையையும் வேலைப்பாட்டையும் பொறுத்துத்தான் ஒதுக்கீடு பொருந்தும். வெள்ளைப் பரப்பைச் சட்டமே விசைத்தறிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கரையைச் சுற்றி மட்டும் வேலி போட்டது. வேலிக்குக் காவல் இருந்ததா என்றால், ஆயிரக்கணக்கான கொட்டகைகளில் ஓடும் தறியில் எந்த அகலக் கரை போகிறது என்று அளந்து பார்க்க ஒரு சில அமலாக்க அதிகாரிகளால் என்ன முடியும்?

அரசின் இன்னொரு கையையும் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலை வழங்கும் திட்டத்தை எம்.ஜி.ஆர். 1983இல் தொடங்கினார். நெசவாளிக்கு ஆண்டு முழுவதும் வேலை, ஏழைக்குப் புத்தாடை என்று ஒரே கல்லில் இரண்டு காய். பல வருடங்களுக்கு இது கூட்டுறவுச் சங்கங்களைத் தாங்கிப் பிடித்தது உண்மை. ஆனால் கோடிக்கணக்கில் வேட்டி வேண்டும், அதுவும் தைக்கு முன் வேண்டும் என்றால் கைத்தறி ஈடு கொடுக்காது. விசைத்தறிச் சங்கங்கள் உள்ளே வந்தன, காலப்போக்கில் பெரும்பங்கும் அவர்களுடையதாயிற்று. இதில் கைத்தறிக்கு நேர்ந்த இழப்பு எண்ணிக்கையைவிட ரகத்தில்தான் அதிகம். எடையும் நீளமும் சரியாக இருந்தால் போதும் என்ற கொள்முதலில் மெல்லிய நூலுக்கும் கோர்வைக்கும் இடமில்லை. பத்து வருடம் அந்த வேட்டியை நெய்த கைக்கு மயில்கண் மறந்துபோகும். மின்சாரத்தையும் பாருங்கள்: 2023 முதல் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவசம். கைத்தறிக்கு அது விளக்குக்கும் மின்விசிறிக்கும். விசைத்தறிக்கு அதுவே உற்பத்தி. இரண்டு தரப்பும் வாக்காளர்கள் என்பதால் எந்த ஆட்சியும் இரண்டையும் தாங்கத்தான் செய்யும்.

வேட்டியின் மதிப்பு மீண்டதில் அரசுக்குப் பெரிய பங்கில்லை. அதைச் செய்தது திருப்பூர். அங்கே 1983இல் தொடங்கிய ராம்ராஜ் நிறுவனம் வேட்டி கட்டியவனுக்குச் சல்யூட் வைக்கும் விளம்பரத்தால் ஒரு தலைமுறையின் மனத்தை மாற்றியது. அதுவரை கட்சிக்காரர், கணக்குப்பிள்ளை, கிராமத்துப் பெரியவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த உடை, பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் உடையாயிற்று. வேட்டி நழுவிவிடும் என்ற பயத்துக்கு மருந்தாக ‘ஒட்டிக்கோ கட்டிக்கோ’ வந்தது. பெல்ட்டும் பாக்கெட்டும் சேர்ந்தன. தைக்காத துணி என்ற நிபந்தனை அங்கே சத்தமில்லாமல் கழன்றுகொண்டது, எந்தப் புரோகிதரும் ஆட்சேபிக்கவில்லை. கோ-ஆப்டெக்ஸ் தன் பங்குக்கு 2010களில், உ.சகாயம் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சனவரி 6ஐ வேட்டி தினமாக்கிப் பொங்கல் விற்பனையை முடுக்கியது. 1935இல் பிறந்த அந்தக் கூட்டுறவு நிறுவனத்துக்கு இளைஞர்கள் வரிசையில் நின்றது புது அனுபவம்.

2014 சூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி.அரிபரந்தாமனை, வேட்டி கட்டி வந்தார் என்று ஒரு கிரிக்கெட் மன்றத்தில் உள்ளே விடவில்லை. சட்டமன்றம் கொதித்தது. அடுத்த மாதமே பொது இடங்களில் உடையைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்று சட்டம் நிறைவேறியது. மீறினால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். இந்தச் சட்டத்தையும் 1953இன் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அறுபது ஆண்டில் நம் கவலை எப்படி இடம் மாறியது என்பது புரியும். முன்னதில் கேள்வி யார் நெய்வது, பின்னதில் கேள்வி யார் உடுத்துவது. மாநிலமே வேட்டிக்காகப் பொங்கிய அந்த வாரங்களில் நெசவாளர் கூலியைப் பற்றிய பேச்சு பெரிதாக எழவில்லை.

கேரளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது, உறவும் நெருங்கியது. திருவனந்தபுரத்தை அடுத்த பலராமபுரத்தில் நெய்கிற சாலியர்கள் இரண்டு நூற்றாண்டுக்கு முன் திருவிதாங்கூர் மன்னர் பலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து குடியமர்த்தப்பட்டவர்கள். கொச்சிப் பக்கம் சேந்தமங்கலத்திலும் குத்தாம்புள்ளியிலும் தேவாங்கர்கள். மூன்று ஊர்த் துணிகளுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அங்கே ஓணம் என்ற ஒரே பண்டிகை, நிறம் வெள்ளையும் பொன்னும்தான் என்று அறுதியிட்டுவிட்டது. கசவு எனும் சரிகைக் கரையின் தரத்தைப் பார்த்து விலை பேசும் பழக்கம் வாங்குகிறவரிடம் இருக்கிறது. 2018 வெள்ளத்தில் சேந்தமங்கலத்துத் தறிகள் மூழ்கியபோது ஓணத்துக்கு நெய்து வைத்திருந்த துணி சேறாகிப் போனது. அந்தத் துணியை வெட்டிச் ‘சேக்குட்டி’ என்று பொம்மை செய்து விற்றார்கள், வாங்க உலகமே திரண்டது. அந்த அளவுக்கு அங்கே உடையோடு ஊரின் பெயரும் மக்கள் மனத்தில் ஒட்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஒரு பருத்தி வேட்டியைப் பார்த்து இது இன்ன ஊர் நெசவு என்று சொல்லக்கூடிய மாப்பிள்ளையைக் காட்டுங்கள் பார்ப்போம். சேலத்து வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. இருந்தும் கேரளத்தின் கதையும் முழு வெற்றி இல்லை. ஓணச் சந்தையில் மலிவான கசவு முண்டை நிரப்புவது தமிழ்நாட்டு விசைத்தறிதான். தமிழ் நெசவாளி கொண்டுபோன தொழிலுக்குப் போட்டியாகத் தமிழ் விசைத்தறியே பின்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பட்டு, இன்னொரு பக்கத்திலிருந்து பருத்தியை நெருக்கியது. முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி என்பது பல சமூகங்களில் அண்மையில் வந்து ஒட்டிய வழக்கம். முன்பு நல்ல சரிகைக் கரைப் பருத்தி வேட்டியே போதும். இப்போது பட்டு வாங்க முடியாதவர்கள் செயற்கைப் பட்டு வாங்குகிறார்கள், மினுமினுப்பு அதிலும் கிடைக்கிறது. உயர்தரப் பருத்தி இருந்த நடு இடம் இப்படித்தான் காலியானது.

2009-10 கணக்கெடுப்பில் நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 43.31 லட்சம் பேர், 2019-20இல் 35.22 லட்சம். மாதம் 5,000 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பாதிப்பவை அந்தக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இது எல்லா மாநிலமும், எல்லா ரகமும் சேர்ந்த கணக்கு, வேட்டிக்கு மட்டுமானதல்ல. ஆனாலும் வேட்டியில் மட்டும் நிலைமை தலைகீழாக இருக்கும் என்று நினைக்கக் காரணமில்லை. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது பருத்தித் துணிக்கு 5 சதவீதம் என்று தீர்மானித்தார்கள். கையால் நெய்ததா, மின்சாரம் நெய்ததா என்று வரி பிரித்துப் பார்க்கவில்லை.

என் கணிப்பில், எல்லோருக்கும் கைத்தறி வேட்டி என்ற இலக்கைக் கைவிட்டாக வேண்டும். 1953லேயே அது எட்டாததாக இருந்தது. அன்றாட வெள்ளை வேட்டியை விசைத்தறிக்கு மனதாரக் கொடுத்துவிடலாம், இலவச வேட்டியையும் சேர்த்து. கைத்தறிக்கு மிஞ்சியிருப்பது மூன்று: மெல்லிய நூல், கோர்வைக் கரை, ஜோடி. இந்த மூன்றையும் கேட்டு வாங்கும் வாடிக்கையாளரைக் கல்யாணத்திலிருந்துதான் பிடிக்க முடியும். பட்டுச்சேலைக்கு முப்பதாயிரம் செலவழிக்கும் வீடு மாப்பிள்ளையின் வேட்டிக்கு மூவாயிரம் தர மறுக்காது, தரத்தைச் சொல்லி விற்கக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால். சேலையில் ‘இது கோர்வையா?’ என்று கரையைப் புரட்டிப் பார்க்கும் பெண்களின் கேள்வி வேட்டிப் பக்கம் இன்னும் வரவில்லை. நம்பரும் ஊரும் நாடாக்கணக்கும் எழுதிய ஒரு சீட்டை வேட்டி மடிப்பில் வைப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, கூட்டுறவுச் சங்கங்கள் நாளைக்கே தொடங்கலாம்.

விலை ஏறினால் அது யாருக்குப் போகும் என்பது அடுத்த கேள்வி. கூலி உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் சங்கத்திலும் தனியார் முதலாளியிடமும் கணக்கு. அந்த ஓர் உருப்படிக்குள் நாடாவுக்குத் தார் சுற்றிய பாட்டி இருக்கிறார், பாவு பிணைத்த மருமகள் இருக்கிறார், எதிர்ப்பக்கம் நாடா வாங்கிக் கொடுத்த மனைவி இருக்கிறார். கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். வடகிழக்கு மாநிலங்களின் எண்ணிக்கை அதைத் தூக்கி நிறுத்துகிறது என்பது சரிதான், ஆனால் இங்கேயும் பாவிலும் தாரிலும் அவர்கள் கைதான். சங்கத்தின் பாஸ் புத்தகத்தில் பெயர் இருப்பது தறியில் உட்காருபவருக்கு. கோர்வை வேட்டிக்கு இரண்டு ஆள் கூலி என்று தனியாக எழுதினால் விலை எத்தனை கூடும் என்று சங்கங்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொங்கல் கொள்முதலுக்கு விலை நிர்ணயிக்கும் அதே மேசையில் செய்யக்கூடிய கணக்குத்தான் அது.